கயிறு கட்டி ஓட்டிய ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர்

ஒரு காரை மரியாதை கொடுத்தே கெடுக்க முடியும் என்று நிரூபித்தவர் என் அப்பா. எண்பதுகளின் நடுவில், போடிநாயக்கனூரில் எங்களுக்கு ஏலக்காய் வியாபாரம். மேலே போடிமெட்டைத் தாண்டிக் கொஞ்சம் தோட்டம், கீழே ஊருக்குள் கடை. தோட்டத்துக்கு ஆள் ஏற்ற ஒரு ஜீப்பு இருந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஏல மையத்தில் அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரும் வியாபாரி பெரிய கார் ஒன்றை வாங்கிவிட்டார். அதற்குப் பிறகு அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை.

அவர் பெரிய கார் வாங்கினார், அதனால் இவர் வேகமான கார் வாங்க வேண்டும் என்று முடிவானது. மதுரைக்குப் போய், இருப்பதிலேயே வேகமான வண்டி எது என்று கேட்டிருக்கிறார். சிவப்பு நிறம், தாழ்ந்த மூக்கு, ஐந்து கியர், வேகத்துக்கென்றே செய்த எஞ்சின். சென்னைக்கு ஆறு மணி நேரத்தில் போய்விடலாம் என்று விற்றவர் சொன்னாராம். அப்பா தன் ஆயுசில் சென்னைக்கு இரண்டு முறைதான் போயிருக்கிறார், இரண்டு முறையும் திரும்பி வர அவசரப்பட்டவர். அந்த மின்னல் வண்டியை மதுரையிலிருந்து போடிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டச் சொல்லிக் கொண்டுவந்து சேர்த்தார். மதியம் கிளம்பியவர்கள் சாயங்காலம் வந்தார்கள். வழியில் கரும்பு லோடு ஏற்றிய லாரிகளெல்லாம் ஒலி எழுப்பி முந்திப் போனதை, ஏதோ அவர்கள் வணக்கம் சொன்ன மாதிரி வீட்டில் சொல்லிக்கொண்டார்.

கார் வந்த அதே வாரம் எனக்கு மதுரைக் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. நான் அங்கே விடுதியில் தங்கி பி.ஏ. முடித்திருந்தேன். எம்.ஏ. ஆங்கிலத்துக்கு என் பெயர் பட்டியலில் இருப்பதாகவும், இன்ன தேதியில் காலை பதினொரு மணிக்குத் தகப்பனாரோடு நேரில் வர வேண்டும் என்றும், வராவிட்டால் இடம் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும் என்றும் அதில் இருந்தது. அப்பா பேச்சைச் சுருக்கமாக முடித்தார். சீட்டுக் கிடைத்தால் படி, கிடைக்காவிட்டால் ஆவணியில் சிலமலை. சிலமலையில் தோட்டம் துரவோடு ஒரு மாப்பிள்ளை காத்திருந்தார். அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் எனக்கு அந்த இரண்டு வருஷம் வேண்டும், வெறிபிடித்த மாதிரி வேண்டும். கடிதத்துக்கும் அந்தத் தேதிக்கும் நடுவில் நான்கு வாரம் இருந்தது.

மூன்று வருஷமாகப் பஸ்சில் போய் வந்தவள் நான். தகரப் பெட்டியை மேலே போட்டுவிட்டு, ஜன்னலோரம் பிடித்து, உசிலம்பட்டியில் முறுக்கு வாங்கித் தின்று போய்ச் சேர்ந்துவிடுவேன். இந்த முறையும் பஸ்சிலேயே போகலாம் என்றேன். அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

“கார வாசல்ல நிறுத்திட்டு மகளப் பஸ்சுல கூட்டிட்டுப் போனா, காரு என்ன கொலுப் பொம்மையான்னு கேப்பாய்ங்க. கார்லதான் போறோம்” என்றார்.

அதில் ஒரு சிக்கல். காரோடு ஒரு கையேடு வந்திருந்தது, இங்கிலீஷில். வீட்டில் இங்கிலீஷ் படித்தவள் நான் ஒருத்திதான் என்பதால் வரி வரியாகத் தமிழில் சொல்லச் சொன்னார். நான் ஒழுங்காகத்தான் சொன்னேன். முதல் ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் வரை எஞ்சினை வதைக்கக் கூடாது. ஒரேயடியாக அழுத்தக் கூடாது. ஒரே வேகத்தில் நெடுநேரம் போகவும் கூடாது. கூட்டியும் குறைத்தும், கியர் மாற்றி மாற்றி ஓட்டிப் பழக்க வேண்டும், உள்ளே இருக்கும் பாகங்கள் ஒன்றோடொன்று உரசி இணங்கி வர வேண்டும். இவ்வளவும் சொன்னேன். அப்பாவின் காதில் விழுந்தது ‘வதைக்கக் கூடாது’ மட்டும். ஆயிரத்து ஐந்நூறு முடியாமல் மதுரைக்கு எடுப்பதில்லை என்று சொல்லிவிட்டார். என் எம்.ஏ. அந்த வண்டியின் கிலோமீட்டர் எண்ணும் மீட்டருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

முதல் சில நாட்கள் காரைத் தேனி வரைக்கும் ஊர்ந்துபோய் ஊர்ந்து வந்தார்கள். ஜீப்பு ஓட்டிக்கொண்டிருந்தவரைத்தான் காருக்கு டிரைவராக மாற்றியிருந்தார் அப்பா. அந்த மலைப்பாதையில் இருபது வருஷம் ஓட்டியவர் அவர். ஒருநாள் மதிய வெயிலில் சூடு காட்டும் முள் கொஞ்சம் மேலே ஏறியிருக்கிறது. ஏற வேண்டிய அளவுக்குத்தான் ஏறியிருக்கும். அப்பா பதறிப்போய் நடுரோட்டில் வண்டியை நிறுத்தி, புளியமரத்து நிழலில் இரண்டு மணி நேரம் ஆறப்போட்டு, துண்டால் விசிறி, பிறகு கொண்டுவந்தார். அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது அவருக்கு ஞானம் பிறந்துவிட்டது.

“பச்சக் காய ஸ்டோர்ல போட்ட மொத நாளே தீயக் கூட்டுனா என்ன ஆகும்? காய் வெடிச்சு, நெறம் செத்துப்போகும். எஞ்சினும் பச்சதான தாயி. அதுக்குச் சூடே காட்டக் கூடாது” என்றார்.

ஏலக்காய் உலர்த்தும் கட்டடத்தைத்தான் ஸ்டோர் என்பார்கள். அங்கே முதல் நாள் இளஞ்சூடு கொடுப்பார்கள், பிறகு மெல்ல மெல்லக் கூட்டுவார்கள். அதுதான் கையேட்டிலும் இருந்தது. முப்பது வருஷம் காய் உலர்த்திய மனிதருக்குத் தன் தொழிலே தலைகீழாகத்தான் விளங்கியிருந்தது என்று எனக்கு அன்று தெரிந்தது.

மறுநாளிலிருந்து தொடங்கியது அந்தக் கூத்து. காலையில் எங்கள் ஜீப்பு கூலிப் பெண்களை ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குக் கிளம்பும். அதன் பின்னால் தேங்காய் நார்க் கயிற்றில் சிவப்புக் காரைக் கட்டுவார்கள். எஞ்சின் அணைந்திருக்கும். டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார், அப்பா பக்கத்தில் வேட்டியை மடித்து உட்கார்ந்திருப்பார். ஜீப்பு முக்கி முனகி, அடிவாரத்து முந்தலைத் தாண்டி வளைவு வளைவாகப் போடிமெட்டு வரைக்கும் காரை இழுத்துக்கொண்டு போகும். அங்கே கயிற்றை அவிழ்த்து, காரைத் திருப்பி, ஒரு தள்ளு. எஞ்சின் இல்லாமலே வண்டி மலை இறங்கும். மீட்டர் மட்டும் ஏறுவதிலும் ஓடும், இறங்குவதிலும் ஓடும். முந்தலில் தரை சமமானதும் எஞ்சினைப் போட்டு, சீமந்தப் பெண்ணை நடத்திக் கூட்டிவருவது போல வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். தினமும் ஐம்பது கிலோமீட்டருக்குக் குறையாமல் கணக்கில் சேர்ந்தது.

எங்கள் பக்கத்து ஜீப்புக்காரர்கள் இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு உருளவிடுவது வழக்கம்தான். பெட்ரோல் மிச்சம் என்பார்கள். அது ஒரு முட்டாள்தனம், ஆனால் அன்றாட முட்டாள்தனம். அதை எடுத்து, ஒரு புது எஞ்சினைப் பழக்கும் முறையாக மாற்றுவதற்கு என் அப்பா தேவைப்பட்டார்.

முதல் இரண்டு நாள் ஜீப்பின் பின்னால் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்த பெண்கள் வழியெல்லாம் காரையே பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். வாங்கின வாரத்திலேயே வண்டி செத்துப்போச்சா என்று ஒருத்தி கேட்டும்விட்டாள். அப்பா அன்றைக்கே ஓர் அட்டையில் ‘புது எஞ்சின் பழகுகிறது’ என்று எழுதி முன் கண்ணாடியில் ஒட்டினார். எஞ்சின் இருக்கும் இடமே தெரியாமல் தூங்கிக்கொண்டிருக்க, அதற்கு மேல் அப்படி ஒரு அட்டை. போடிமெட்டுச் சோதனைச் சாவடியில் நின்ற கேரளத்துக் காவலருக்குச் சந்தேகமே வந்துவிட்டது. தினமும் ஒரு புதுக்காரைக் கட்டி இழுத்து வருகிறார்கள், எல்லை தாண்டாமல் திரும்பிப் போகிறார்கள், இதில் என்ன கடத்துகிறார்கள் என்று சீட்டைக்கூடத் தூக்கிப் பார்த்தாராம். நான்காம் நாள் அவரும் விட்டுவிட்டு, “பின்னயும் கேடாயோ?”, மறுபடியும் ரிப்பேரா, என்று கேட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்.

என்னையும் ஒருநாள் ஏற்றிக்கொண்டு போனார்கள். மீட்டர் எண்ணை நோட்டில் குறிக்க ஆள் வேண்டுமாம். போகும்போது ஜீப்பின் புகையையெல்லாம் குடித்தேன். இறங்கும்போது சத்தமே இல்லை. காற்றின் இரைச்சலும் டயர் தார் ரோட்டில் தேயும் ஓசையும்தான். எஞ்சின் அணைந்திருந்ததால் பிரேக்கு கல்லாக இறுகிப்போயிருந்தது. டிரைவர் சீட்டிலிருந்து எம்பி எம்பி மிதித்தார். ஐந்தாவது வளைவிலேயே கருகல் வாடை. ஒரு வளைவில் எதிரே பஸ்சு வந்தது, எங்களுக்கும் பள்ளத்துக்கும் நடுவில் ஒரு முழம்தான் இருந்தது. டிரைவரின் பின்கழுத்தில் வியர்வை ஓடியதைப் பார்த்தேன். அப்பா மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எஞ்சினுக்கு ஒரு நோவும் இல்ல, பாத்தியா? இன்னும் ஒரு கிலோமீட்டர் ஏறிருச்சு” என்றார்.

“மீட்டர்தான்ப்பா ஓடுது. எஞ்சின் ஓடலையே” என்றேன்.

“சக்கரம் வேற, எஞ்சின் வேறயா? எல்லாம் ஒரே வண்டிதான?” என்றார். என் படிப்பின் மேல் இரக்கப்பட்ட குரலில் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் டிரைவரிடம் தனியாகக் கேட்டேன். இருபது வருஷம் ஓட்டியவருக்கு இது எதற்கும் உதவாது என்று தெரியாதா? தெரியும் என்றார். சொன்னால் திரும்ப ஜீப்புக்கே அனுப்பிவிடுவார், இந்தக் கார் ஓட்டும் சோலி போய்விடும், தனக்கு முதுகுவலி என்றார். உயிர் போகட்டும், சீட்டு மெத்தையாக இருந்தால் போதும் என்று நினைத்த அந்த மனிதரோடு அதற்குப் பிறகு நான் பேசவில்லை.

அம்மாவைப் பற்றிச் சொல்ல அப்போது என்னிடம் ஒன்றுமே இல்லை. கார் தினமும் திரும்பி வந்ததும் ஆலம் கரைத்துச் சுற்றி, பானட்டில் பொட்டு வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அம்மாவுக்கு வாய் என்று ஒன்று இருப்பதைச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும்தான் பார்க்க முடியும் என்று என் தோழிகளுக்கு எழுதியிருக்கிறேன். அதைப் படித்து அவர்கள் விழுந்து விழுந்து சிரித்ததாகப் பதில் வந்தது.

நேர்காணலுக்கு இரண்டு நாள் முன்னால் மீட்டர் ஆயிரத்து ஐந்நூறைத் தொட்டது. அப்பா கடையில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். எஞ்சின் பழுத்துவிட்டது என்று பக்கத்துக் கடைகளுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

அந்த நாள் காலையில் ஆறு மணிக்கே நான் தயார். அப்பா நல்ல நேரம் பார்த்து, கோயிலில் நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, ஏழுக்குத்தான் கிளம்பினார். முன்னால் டிரைவரும் அவரும். பின்னால் அம்மாவும் நானும், என் மடியில் சான்றிதழ்கள். தேனியைத் தாண்டி ரோடு நேராக விரிந்ததும் அப்பா டிரைவரின் தோளில் தட்டினார்.

“இனி என்ன பயம்? அமுக்கு” என்றார்.

டிரைவர் ஒருமுறை அவரைப் பார்த்தார், பிறகு அமுக்கினார். நான்கு வாரமாகத் தூங்கியே கிடந்த எஞ்சின் அலறிக்கொண்டு எழுந்தது. புளியமரங்கள் ஓடின. நாங்கள் முந்திய வண்டிகளையெல்லாம் அப்பா எண்ணிக்கொண்டு வந்தார். முள் நூறைத் தாண்டியபோது அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கு நன்றாக இருந்தது. அதை மறைப்பதில் அர்த்தமில்லை.

ஆண்டிபட்டிக் கணவாய் ஏற்றத்தில் சூட்டு முள் சிவப்பில் போய் முட்டியது. இந்த முறை அப்பா அதைப் பார்க்கவில்லை. முந்திய பஸ்சைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கீச்சொலி, இரும்பை இரும்பு கடித்த மாதிரி. வண்டி ஒரு குலுக்கு குலுக்கி நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் அசைவே இல்லை. மணி எட்டு.

நாங்கள் முந்தி வந்த பஸ்சு சாவகாசமாக வந்து சேர்ந்தது. டிரைவர் அதில் ஏறி, மெக்கானிக்கைக் கூட்டிவர உசிலம்பட்டிக்குப் போனார். அப்பா ஒரு கல்லில் உட்கார்ந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

கால் மணி நேரத்தில் இரண்டாவது பஸ்சு வந்தது, மதுரைக்குப் போவது. அம்மா காரின் கதவைத் திறந்து இறங்கினாள். ரோட்டின் நடுவில் போய் நின்று கையைக் காட்டினாள். பஸ்சு நின்றது. அம்மா அப்பாவிடம் எதுவும் கேட்கவில்லை. என் பக்கம் திரும்பி, “ஏறுத்தா, வெரசா. இதுல போனா பதினோரு மணிக்குள்ள போயிரலாம்” என்றாள்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் தலை நிமிராமலே, “போங்க, நானும் வர்றேன். வண்டி கெடக்கட்டும்” என்றார். சத்தியமாக அப்படித்தான் சொன்னார்.

ஏறியிருக்க வேண்டியவள் நான். இருக்கை காலியாக இருந்தது, கண்டக்டர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் சொன்னது இதுதான்: “கொஞ்சம் பொறும்மா. மெக்கானிக் வந்துருவாரு. கார்லயே போயிருவோம்.”

அந்தக் கல்லூரி வாசலில் மில் முதலாளிகளின் பெண்கள் கார் கதவைத் திறந்து இறங்குவதை மூன்று வருஷம் பார்த்திருக்கிறேன். தகரப் பெட்டியோடு பஸ்ஸ்டாப்பிலிருந்து வேர்த்து விறுவிறுத்து நடந்து வரும் எனக்கு அவர்கள் வைத்த பெயர் ஏலக்காய் மூட்டை. என் உடுப்பெல்லாம் அந்த வாசனை. கடிதம் வந்த மறுநாளே விடுதித் தோழிகளுக்கு எழுதிவிட்டேன், சிவப்புக் கார், இன்ன தேதி, வாசலில் நில்லுங்கள் என்று. அவர்கள் நிற்பார்கள். அவர்கள் முன்னால் பஸ்ஸ்டாப்பிலிருந்து நடந்து போக என்னால் முடியவில்லை. நான்கு வாரம் அப்பாவின் ஜம்பத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்தவள், என்னுடையதைப் பட்டுச் சேலையில் சுற்றி அதே காரில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தேன்.

அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கண்டக்டர் விசில் கொடுத்தார். அம்மா திரும்பி வந்து காரில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

மெக்கானிக் வந்தபோது மணி பத்தை நெருங்கியிருந்தது. பானட்டைத் திறந்து, குனிந்து, மோந்து பார்த்து, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று கேட்டார். ஆயிரத்து ஐந்நூறு என்றார் அப்பா. மெக்கானிக் உள்ளே எட்டி மீட்டரைப் பார்த்தார். இது பழகாத எஞ்சின், முரட்டுத்தனமாக அழுத்தியதில் பிஸ்டன் பிடித்துக்கொண்டது, இழுத்துத்தான் போக வேண்டும் என்றார். இழுப்பது ஒன்றுதான் அந்த வண்டிக்குப் பழகியிருந்தது.

அதற்கு மேல் வந்த பஸ்சில் ஏறினோம். கல்லூரி வாசலுக்கு நாங்கள் நடந்து போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று. அங்கே யாரும் நிற்கவில்லை. அலுவலகத்தில் இருந்த அம்மையார் பட்டியலைத் திருப்பிக் காட்டினார். பன்னிரண்டு மணிக்கு என் பெயரில் கோடு போட்டு, கீழே இருந்த பெண்ணைச் சேர்த்திருந்தார்கள். அப்பா அங்கே கையைக் கூப்பிக்கொண்டு அரை மணி நேரம் கெஞ்சினார். நான் தடுக்கவில்லை.

ஆவணியில் சிலமலைக்கு வந்தேன். கார் எஞ்சின் மாற்றி ஓடியது. இரண்டு வருஷத்தில் அதையும் தள்ளிவிட்டார்கள்.

இந்தக் கதையை எத்தனையோ கல்யாண வீடுகளில் சொல்லியிருக்கிறேன். நன்றாகச் சொல்வேன் என்று பெயர். கயிற்றுக்குச் சிரிப்பார்கள், அட்டைக்குச் சிரிப்பார்கள், சோதனைச் சாவடிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அப்பா இருந்த காலத்தில் அவர் முன்னாலேயே சொல்லியிருக்கிறேன். அவரும் அசட்டுச் சிரிப்போடு கேட்டுக்கொண்டிருப்பார், இந்த ஆளால் மகள் படிப்புப் போச்சு என்று மற்றவர்கள் சொல்லும்போது தலையை ஆட்டுவார். நான் சொல்லும் கதையில் முதல் பஸ்சு வரும், டிரைவர் ஏறிப் போவார். அதற்குப் பிறகு மெக்கானிக் வந்துவிடுவார். நடுவில் வேறு பஸ்சு வராது.

அம்மா பெரும்பாலும் அங்கேதான் இருப்பாள், வெற்றிலை மடித்துக்கொண்டு. ஒரு தடவைகூட அவள் என்னைத் திருத்தவில்லை.